ஒன்பது கட்டம் காலி

ஜூன் 9

நாத்தனாருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். எழுதினால் நீ நம்பப்போவதில்லை. போனில் கூப்பிட்டால் என் எண்ணைப் பார்த்ததும் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். உன் அண்ணனுக்கு இது தெரியாது. தெரிந்தால் நடுவில் நின்று கையைப் பிசைவார். அதைப் பார்க்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு இலக்கியப் பாடம் எடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அதில் அணி இலக்கணம் என்று ஒரு பகுதி. உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வஞ்சப்புகழ்ச்சி என்று வரிசையாகப் போகும். இந்தப் பகுதியைத் திறந்தாலே பிள்ளைகளின் முகத்தில் விளக்கு அணைந்துவிடும். இலக்கணம் கேட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஒரு வரியைக் கொடுத்து இதில் என்ன அணி என்று கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியை கணக்குப் பாடக்காரர். என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். செப்டம்பர் தேர்வில் பாதிப் பேருக்கு மேல் தோற்றால் அடுத்த ஆண்டு முதல் பள்ளியில் இலக்கியப் பாடமே கிடையாது. பிள்ளைகள் வணிகவியலுக்குப் போவார்கள், நான் சின்ன வகுப்புகளுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுக்கலாம். “பாடத்து மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல டீச்சர். தோத்துக்கிட்டே இருக்கிறதுக்கு எதுக்கு ஒரு வகுப்பறை?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் நல்ல நல்ல பதிலாக வந்தது.

நேற்று கடைசி பெஞ்சில் ஒருவன் விழித்திருந்தான். ஆசிரியர் அறையில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அவன் விழித்திருந்ததே சந்தேகமாக இருக்க, போய்ப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் வாரப்பத்திரிகையின் கடைசிப் பக்கம். குறுக்கெழுத்து. கீழே ‘அமைப்பு: கட்டக்காரி’ என்று போட்டிருந்தது. நம் வீட்டில் உன்னைக் கேலி செய்யக் கூப்பிட்ட பெயரையே நீ பத்திரிகையில் போட்டுக்கொள்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பையன் அநேகமாக எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தான். திட்டுவதற்குப் போனவள் திட்டாமல் திரும்பி வந்தேன்.

அணி இலக்கணத்தை வைத்து என் வகுப்புக்கு ஒரு குறுக்கெழுத்து போட்டுத் தர முடியுமா? முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு. கெஞ்ச எனக்கு வராது. பாடப்புத்தகத்தின் பக்கங்களை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

பழைய கதையைப் பொறுத்தவரை, நீ கோபித்துக்கொண்டு போனதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

அண்ணி


ஜூன் 14

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை உட்கார்ந்து நிதானமாகக் கோபப்பட்டேன்.

அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருக்க, யாரோ என் குறுக்கெழுத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னார்கள். நீங்கள் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னீர்கள்: “அதெல்லாம் ஒரு வேலையா? வேலை இல்லாதவங்களுக்கு வேலை இல்லாதவங்க போட்டுக் குடுக்கிறது.” எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனும்தான். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தேன். இப்போது என்னடா என்றால், நீங்கள் என்னை மன்னித்துவிட்டீர்களாம்.

உங்களைப் போல் பெரிய மனசு யாருக்கு வரும்? ஊரே பார்க்க ஒருத்தியை அவமானப்படுத்திவிட்டு, அவள் கோபப்பட்டதைக்கூட மன்னித்துவிட்டீர்களே!

போகட்டும். குறுக்கெழுத்து இத்துடன் இருக்கிறது. உங்களுக்காகப் போடவில்லை. என் பக்கத்துக்காக ஒருவன் வகுப்பில் விழித்திருக்கிறான் என்றீர்களே, அவனுக்காகப் போட்டேன். நீங்கள் அனுப்பிய புத்தகப் பக்கத்தில் இருக்கும் இலக்கணத்தையே குறிப்புகளாகக் கொடுத்திருக்கிறேன். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, ஒற்றெழுத்துக்கும் தனிக் கட்டம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத்தான் தெரியாது.

உங்கள் கணவரின் தங்கை


ஜூலை 2

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தின் முதல் பாதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மென்று விழுங்கிவிட்டேன். கடிதத்தைக் கைப்பையில் வைத்திருக்கிறேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

குறுக்கெழுத்தைக் கொடுத்த அன்று வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் எல்லாக் கட்டத்தையும் சரியாக நிரப்பினார்கள். நான் ஆசிரியர் அறையில் தலை நிமிர்ந்து நடந்தேன். இரண்டு நாள்தான்.

மூன்றாம் நாள் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். அதே அணிகள். குறிப்புக்குப் பதில் பாட்டு வரிகளைக் கொடுத்தேன். கிட்டத்தட்ட முழு வகுப்பும் தோற்றது. முன்பு மின்விசிறியைப் பார்த்தவர்கள் இப்போது தைரியமாகத் தப்பு எழுதியிருந்தார்கள். அது ஒன்றுதான் முன்னேற்றம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், கணக்குப்புலி. அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஒளிக்காமல் சொன்னாள். “டீச்சர், ஒன்பது கட்டம் இருந்து, குறுக்க வர்ற வார்த்தையில இருந்து ‘த’ கிடைச்சா தற்குறிப்பேற்றம். ஒன்பது கட்டம், ‘வ’ கிடைச்சா வஞ்சப்புகழ்ச்சி. குறிப்பைப் படிக்கவே வேணாம்.” வகுப்புக்கே அவள்தான் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வஞ்சப்புகழ்ச்சி என்றால் என்னம்மா என்று கேட்டேன். “ஒன்பது கட்டம் டீச்சர்” என்றாள்.

ஆக, உன் கட்டம் என் பிள்ளைகளுக்கு எண்ணுவதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அது அவர்களுக்கு முன்பே தெரியும்.

இன்னொன்று. பதினெட்டாம் தேதி தலைமையாசிரியை என் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். ‘ஏதோ விளையாட்டு நடத்துறீங்களாமே, பாக்கணும்’ என்றார். வேறு ஏதாவது செய்ய முடியுமா? முடியாது என்றால் இந்தத் தடவையும் சொல்லிவிடு.

அண்ணி


ஜூலை 6

அண்ணிக்கு,

பழியை என் தலையில் கட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம். குறிப்புகள் என்னுடையவை அல்ல, உங்கள் புத்தகத்துடையவை. ‘இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின் மீது கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது’ என்று தற்குறிப்பேற்றத்துக்கு ஒரு குறிப்பு. இதைப் படித்துவிட்டு நிரப்புவதைவிடக் கட்டத்தை எண்ணுவதுதான் புத்திசாலித்தனம். அந்தக் கணக்குப்புலியை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனாலும் உங்கள் கடிதம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. குறிப்பைப் படிக்காமல் நிரப்ப முடிகிற குறுக்கெழுத்து என் பெயரில் வெளியே போயிருக்கிறது. பத்திரிகையில் அப்படி ஒன்று வந்திருந்தால் நான் வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் இந்தத் தடவை இலக்கணமே கிடையாது. ஒவ்வொரு குறிப்பும் ஓர் உதாரணம். உதாரணத்தைப் புரிந்துகொண்டால்தான் விடை. முடிந்தவரை ஒரே நீளமுள்ள அணிகளாகத் தேர்ந்தெடுத்து, எழுத்துகள் எங்கேயும் வசதியாகக் குறுக்கே வராதபடி பின்னியிருக்கிறேன். எண்ணி நிரப்பட்டும் பார்ப்போம்.

பதினேழாம் தேதிக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். மேஜை முழுக்கக் கசக்கிய தாளாகக் கிடக்கிறது. பத்திரிகைக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டதில்லை. எதற்கு மெனக்கெடுகிறேன் என்று யோசித்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நாத்தனார்


ஜூலை 19

நாத்தனாருக்கு,

நீ அனுப்பியது நேற்று முன்தினம் சரியாக வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்க்காமல் அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டேன், உன் மேல் அவ்வளவு நம்பிக்கை. நேற்று வகுப்பில், தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் தூங்குமூஞ்சிக்குப் பக்கத்தில் குறிப்பேடும் பேனாவுமாக உட்கார்ந்த பிறகு, உறையைக் கிழித்தேன்.

உள்ளே ஒரே ஒரு தாள். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. உன் முத்து முத்தான கையெழுத்தில் விடைகள் அத்தனையும். குறிப்பு ஒன்றுகூட இல்லை.

உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். நீ வேண்டுமென்றேதான் செய்தாய் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். சாப்பாட்டு மேஜைக்குக் கணக்குத் தீர்த்துவிட்டாள் என்று நினைத்தேன். நாற்பது ஜோடிக் கண்ணும், கடைசி பெஞ்சில் ஒரு மூக்குக்கண்ணாடியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

என்ன செய்வது? கரும்பலகையில் கட்டம் போட்டேன், நீ எழுதியிருந்தபடியே விடைகளோடு. எழுதிக்கொண்டே இருந்தால் நேரம் போகும் என்பதைத் தவிர எந்த யோசனையும் இல்லை. முடித்துத் திரும்பினேன். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். “விடை எல்லாம் இருக்கு. கேள்விதான் இல்ல. கேள்வியை நீங்க எழுதுங்க. புத்தகத்துல இருந்து எழுதக் கூடாது. நீங்க பாத்தது, நீங்க சொன்னது, உங்க வீட்டுல பேசினது.”

முதலில் தூங்குமூஞ்சி எழுந்தான். பக்கத்தில் தலைமையாசிரியை இருந்ததால் தூங்க வழியில்லாமல் போயிருக்க வேண்டும். மிகைப்படுத்திச் சொல்லும் உயர்வு நவிற்சிக்கு அவன் குறிப்பு: “எங்க அப்பா பைக்கை ஸ்டார்ட் பண்ணா தெருவே எந்திரிச்சு உக்காரும்.”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. உருவகத்துக்கு ஒருவன் பக்கத்து பெஞ்ச் வாயாடியைக் காட்டி ‘இவ வாய் லவுட்ஸ்பீக்கர் மாதிரி’ என்றான். வாயாடி விடுவாளா? ‘மாதிரின்னு சொன்னா அது உவமை. திட்டுறதைக்கூட ஒழுங்காத் திட்டத் தெரியல’ என்று எழுந்து நின்று அவன் மூக்கை அறுத்தாள். தற்குறிப்பேற்றத்துக்கு ஒருத்தி, தான் லேட்டாக வருவதைப் பார்த்து பஸ் வேண்டுமென்றே கிளம்பிவிட்டது என்றாள். கணக்குப்புலி ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸை ஓட்டுவது டிரைவர், அவர் நிஜமாகவே வேண்டுமென்று கிளப்பியிருக்கலாம், அப்போது அது அணி இல்லை, நடந்த சம்பவம் என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடைசியில் அவளே திருத்தினாள்: “நான் துணி காயப்போட்டதைப் பாத்துட்டுத்தான் மழை வந்துச்சு.” எண்ணி நிரப்பிய அதே பெண்!

வாயே திறக்காத ஒருத்தி உண்டு. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். அவள் எழுந்து சொன்னாள்: “பூனை படுத்திருக்கு. கண்ணு மூடியிருக்கு. வால் நுனி மட்டும் ஆடுது.” இதில் அணி எங்கே இருக்கிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் கரும்பலகையைக் காட்டினாள். தன்மை நவிற்சி. எதையும் ஏற்றாமல் இறக்காமல் உள்ளதை உள்ளபடி சொன்னால் அதுவும் ஓர் அணிதான். சிரித்தவர்கள் கை தட்டினார்கள்.

தலைமையாசிரியை பேனாவை மூடிவிட்டு, தானும் ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டார். உருவகம் என்று நினைத்து ஏதோ சொன்னார். நாலைந்து பேர் ஒரே குரலில், “மேடம், அது உவமை” என்றார்கள். அவர் யோசித்துப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

வஞ்சப்புகழ்ச்சிக்குத்தான் யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. புகழ்வதுபோல் பழிக்க இன்னும் வயது வரவில்லை போலிருக்கிறது. கைப்பையில் இருந்த ஒரு கடிதத்திலிருந்து இரண்டு வரி படித்துக் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. வகுப்பே ஆர்ப்பரித்தது. அது போதும், மேலே கேட்காதே.

குறிப்புகள் இன்றைய தபாலில் வந்து சேர்ந்தன. நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அண்ணி


ஜூலை 24

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே. வேண்டுமென்று செய்யவில்லை. நான் எப்போதும் பத்திரிகைக்கு நிரப்பிய கட்டத்தைத்தான் முதலில் அனுப்புவேன். பக்கம் அமைப்பவர் அதைப் பார்த்துக் கறுப்புக் கட்டங்களையும் எண்களையும் போட்டு வைத்துவிடுவார். குறிப்புகளைக் கடைசி நிமிஷம் வரை மாற்றிக்கொண்டே இருப்பேன் என்பதால் அவை இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போகும். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாக அதையே செய்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பக்கம் அமைப்பவர் இல்லை என்பது என் கைக்குத் தெரியவில்லை.

நீங்கள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் வகுப்பை விட்டு வெளியே போயிருப்பேன். நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பினீர்கள். அதை என்னால் செய்திருக்க முடியாது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. நான் கசக்கிக் கசக்கி எழுதிய தற்குறிப்பேற்றக் குறிப்பைவிட அந்தப் பெண்ணின் துணியும் மழையும் நன்றாக இருக்கிறது. பூனை வாலை நினைத்து நினைத்துச் சமையலைத் தீயவிட்டேன். இது என் பிழைப்பு, அண்ணி. எனக்கே போட்டியா?

அதனால் உங்கள் வகுப்புக்கு ஒரு சவால். கட்டம், குறிப்பு எல்லாம் அவர்களே சேர்ந்து முழுசாக ஒரு குறுக்கெழுத்து போடட்டும். எனக்கு அனுப்புங்கள். நான் இதுவரை யார் போட்டதிலும் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. இதில் ஒன்று காலியாக விட்டாலும் அவர்கள் ஜெயித்தார்கள். ஜெயித்தால் என் பக்கத்தில் ஒரு வாரம் எனக்குப் பதில் அவர்கள் போட்டது வரும். பத்திரிகை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். நீங்கள் உதவி செய்யக் கூடாது. உங்களால் முடியாது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

யாருடைய கடிதம் என்று நான் கேட்கவில்லை.

கட்டக்காரி


செப்டம்பர் 21

அன்புள்ள கட்டக்காரிக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை பார்.

தேர்வு முடிவு வந்துவிட்டது. வகுப்பில் அத்தனை பேரும் தேறிவிட்டார்கள். ஒருவர் பாக்கியில்லை. விடைத்தாள் திருத்தியது வேறு பள்ளி ஆசிரியர்கள், அதனால் என் தயவு என்று யாரும் வாய் திறக்க முடியாது. தலைமையாசிரியை நம்பாமல் மதிப்பெண்ணைத் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். கணக்குக்காரர் அல்லவா? கூட்டி முடித்துவிட்டு, அடுத்த ஆண்டு இலக்கியப் பாடத்துக்கு இன்னொரு பிரிவும் வேண்டியிருக்கும், இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டு முனையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சின்னதாக ஒரு குதி குதித்தேன். இந்த வயதில் முழங்கால் என்னாவது என்று கேட்காதே. வலிக்கிறது.

முதலிடம் கணக்குப்புலி. அணிக் கேள்வி எதிலும் ஒரு மதிப்பெண்கூடப் போகவில்லை. தூங்குமூஞ்சி தேர்வில் பாதியில் தூங்கிவிட்டானாம். கேட்டால், ‘அணியெல்லாம் முடிச்சுட்டுத்தான் டீச்சர் தூங்கினேன்’ என்கிறான்.

உன் சவாலுக்குப் பதில் இத்துடன் இருக்கிறது. இதற்காக வகுப்பில் நடந்த சண்டையையெல்லாம் எழுதினால் தபால்தலை போதாது. எல்லாம் அவர்கள் கைவேலை. என்னை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டுத்தான் குறிப்புகளை முடிவு செய்தார்கள். அனுப்புவதற்கு முன் நானும் உட்கார்ந்து ஒரு கட்டம் போட்டுப் பார்த்தேன். ஒரு வார்த்தை பொருந்தினால் இன்னொன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டது. அதெல்லாம் ஒரு வேலையா என்று ஒருத்தி கேட்டாளாமே, அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. நம் கடித விஷயம் இப்போது உன் அண்ணனுக்கும் தெரியும். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பரை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

பிள்ளைகள் உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்: “கட்டக்காரம்மாவை நல்லாத் தூங்கி எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க டீச்சர்.”

அண்ணி


செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லாத் தூங்கி எழுந்துதான் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகள் போட்டது, டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். டீ ஆறியது, மதியம் ஆனது, பத்திரிகையிலிருந்து வந்த போனைக்கூட எடுக்கவில்லை. என்ன பிள்ளைகள் அண்ணி! நம் வீட்டுப் பேச்சு, தெருப் பேச்சு, பஸ் பேச்சு எல்லாவற்றையும் பிடித்து வந்து குறிப்பாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது, கை வைத்தால் வழுக்குகிறது. அந்தப் பூனைப் பெண் எது எழுதினாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ‘குழாயில் தண்ணீர் நின்றது. வாளி பாதிதான்.’ சரியா?

எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், ஒன்றைத் தவிர. இடமிருந்து வலம், நடுவில் வருவது. ஒன்பது கட்டம். குறிப்பு இப்படி இருந்தது:

‘உங்களைப் போல் பெரிய மனசு யாருக்கு வரும்? ஊரே பார்க்க ஒருத்தியை அவமானப்படுத்திவிட்டு, அவள் கோபப்பட்டதைக்கூட மன்னித்துவிட்டீர்களே! இவர் மனமாரப் புகழ்கிறாரே, இதற்குப் பெயர் என்ன?’

பேனா அப்படியே நின்றுவிட்டது. விடை தெரியாமல் இல்லை. முதல் எழுத்து ‘வ’ வேறு குறுக்கே வந்து உட்கார்ந்திருந்தது. உங்கள் கணக்குப்புலி குறிப்பைப் படிக்காமலே நிரப்பியிருப்பாள். என்னால் முடியவில்லை. அந்த வரியை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிப் பொறுக்கினேன், நன்றாகக் குத்தட்டும் என்று. அதற்கு என் கையாலேயே பெயர் எழுத வேண்டும் என்று வந்தபோது கை மறுத்துவிட்டது. நீங்கள் உதவி கேட்டு எழுதிய கடிதத்துக்கு நான் அனுப்பிய பதில் அது. அதை எடுத்து நீங்கள் பாடம் நடத்தினீர்கள். என் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஒன்பது கட்டத்தையும் காலியாகவே விட்டு அனுப்புகிறேன். காலி என்றால் காலிதான், சால்ஜாப்பு கிடையாது. உங்கள் பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பக்கம் அவர்களுடையது. ‘அமைப்பு’ என்ற இடத்தில் என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் குறிப்பை மாற்ற வேண்டாம். அப்படியே வரட்டும்.

கட்டக்காரி


அக்டோபர் 6

அன்புள்ள கட்டக்காரிக்கு,

பேப்பர் கடைக்காரருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது மணிக்குள் உன் வாரப்பத்திரிகை தீர்ந்துவிட்டது. வாயாடியின் அம்மா மட்டும் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ‘அமைப்பு: கடைசி பெஞ்சும் மற்றவர்களும்’ என்று அச்சில் பார்த்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. தலைமையாசிரியை அந்தப் பக்கத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலையும் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். இன்று காலையில் கணக்கு ஆசிரியர்கள் அங்கே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். உவமையா உருவகமா என்று தூங்குமூஞ்சியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் பெரிய மனுஷன்போல், ‘குறிப்பை நல்லாப் படிங்க சார்’ என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீ தோற்றதை வகுப்பில் சொன்னபோது எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது. சத்தம் அடங்கிய பிறகு கணக்குப்புலிதான் கேட்டாள். ‘வ’ கிடைத்தும் கட்டக்காரம்மா ஏன் நிரப்பவில்லை என்று. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியை எழுதியதே அவர்தான், என் நாத்தனார் என்று சொன்னேன்.

வாயாடி மெதுவாகக் கேட்டாள். “அப்ப அதுல வர்ற பெரிய மனசுக்காரங்க நீங்களா டீச்சர்?”

“நான்தான்.”

“அவங்க சொன்னது நிஜமா? ஊர் பாக்க அவமானப்படுத்தினீங்களா?”

“நிஜம்தான்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பூனைப் பெண் கையைத் தூக்கினாள். “அப்ப நீங்க போய்ப் பாருங்க டீச்சர்” என்றாள். உடனே உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ரயிலுக்கு உன் அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டார். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடக்கிறார். உனக்குச் சம்மதம் இல்லை என்றால் அவரை மட்டும் அனுப்புகிறேன். நான் வந்து நின்றால் கதவைத் திறப்பாயா? அன்று பாதியில் விட்டுப் போன சாப்பாட்டை உன் வீட்டு மேஜையில் உன்னோடு உட்கார்ந்து முடிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. சுற்றி வளைத்துப் பதில் எழுதாதே. உன் வரிகளைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது பேர் தேவைப்படுகிறார்கள்.

அண்ணி


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வாங்க. இதில் அணி எதுவும் இல்லை.

இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். ஏற்றாமல் இறக்காமல் உள்ளதை உள்ளபடி சொன்னால் அதற்கும் ஒரு பெயர் உண்டு என்பார்கள். சரி என்று சொல்லிவிடுங்கள். இந்தத் தடவை நான் எந்தக் கட்டத்தையும் காலியாக விடவில்லை.

கட்டக்காரி